டாக்டர் ஷிவாகோ: ஒரு காதல் கதைக்கு சோவியத் அரசு ஏன் பயந்தது? நாவலும் படமும் இன்றும் பேசப்படுவது ஏன்?

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி. அதன் நடுவே குதிரை பூட்டிய சறுக்கு வண்டி. பின்னணியில் பலலைக்கா என்ற ரஷ்ய நரம்பு வாத்தியத்தின் இசை. 'டாக்டர் ஷிவாகோ' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். படத்தைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த 'லாரா தீம்' இசை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

ஆனா அந்தப் படத்தில் தெரியும் மாஸ்கோ, மாஸ்கோவே இல்லை. ஸ்பெயினில் போடப்பட்ட செட். படத்தின் ஒரு காட்சியைக்கூட ரஷ்ய மண்ணில் எடுக்க முடியவில்லை. காரணம், படத்துக்கு மூலமான நாவல் அப்போது சோவியத் யூனியனில் வெளியிட முடியாத புத்தகம். அதை எழுதியவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை வாங்க முடியவில்லை. அவர் நேசித்த பெண் இரண்டு முறை சிறைக்குப் போனார்.

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு காதல். மேலோட்டமாகப் பார்த்தால் கதை அவ்வளவுதான். இதில் ஒரு வல்லரசு பயப்பட என்ன இருந்தது? அந்த வல்லரசே இல்லாமல் போன பிறகும் இந்த நாவலும் படமும் ஏன் பேசப்படுகின்றன?

ஷிவாகோ யார்? கதை என்ன?

நாவல் ஒரு சவ ஊர்வலத்தில் தொடங்குகிறது. தாயை இழந்த சிறுவன் யூரி ஷிவாகோ, வேறொரு குடும்பத்தில் வளர்கிறான். டாக்டருக்குப் படிக்கிறான், கவிதை எழுதுகிறான். வளர்த்த வீட்டின் மகள் தோன்யாவையே கல்யாணம் செய்துகொள்கிறான்.

இன்னொரு பக்கம் லாரா. தையல் கடை நடத்தும் தாயின் மகள். குடும்ப நண்பர் என்ற பெயரில் வீட்டுக்கு வரும் வழக்கறிஞர் கொமரோவ்ஸ்கி, பள்ளி மாணவியான அவளைத் தன் வலையில் சிக்க வைக்கிறார். அதிலிருந்து மீள, ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் துப்பாக்கியை எடுத்துச் சுடும் அளவுக்குப் போகிறாள் லாரா. பிறகு பாஷா என்ற லட்சியவாதி இளைஞனை மணக்கிறாள்.

முதல் உலகப்போர் இருவரையும் ஒரே ராணுவ மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர் டாக்டர், அவள் நர்ஸ். அப்புறம் 1917 புரட்சி. மாஸ்கோவில் பசி, டைபஸ் காய்ச்சல், எரிக்க விறகுகூட இல்லாத குளிர். குடும்பத்தோடு ரயிலேறி யூரல் மலைப் பகுதிக்குப் போகிறார் யூரி. அங்கே மீண்டும் லாரா. காதல் மலரும் நேரத்தில், செம்படை ஆதரவு கெரில்லாக்கள் தங்களுக்கு டாக்டர் வேண்டும் என்று யூரியைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். தப்பித்து வருவதற்குள் மனைவி, பிள்ளைகள் எல்லாம் கைவிட்டுப் போயாச்சு. பனிக்காலத்தில் வாரிக்கினோ என்ற ஆளில்லாத வீட்டில் லாராவோடு கொஞ்ச நாள். வெளியே ஓநாய்கள் ஊளையிடுகின்றன. உள்ளே யூரி ராத்திரி முழுக்கக் கவிதை எழுதுகிறார். அந்த வாழ்க்கையும் நிலைக்கவில்லை. லாராவைக் காப்பாற்ற ஒரே வழி, அவளைக் கொமரோவ்ஸ்கியோடு அனுப்புவதுதான் என்ற நிலை வருகிறது.

1929-ல், மாஸ்கோவில் ஒரு டிராம் வண்டியிலிருந்து இறங்கி, தெருவில் விழுந்து இறக்கிறார் யூரி. நாவலின் கடைசிப் பகுதியாக அவர் எழுதிய 25 கவிதைகள் வருகின்றன. இந்தக் கவிதைகளை மறக்காதீர்கள், பின்னால் முக்கியமாகும்.

அப்படி என்ன எழுதிவிட்டார் பாஸ்டர்நாக்?

நாவலாசிரியர் போரிஸ் பாஸ்டர்நாக் 1890-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா லியோனித் பாஸ்டர்நாக் பெயர் பெற்ற ஓவியர். டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலுக்குப் படம் வரைந்தவர் அவர்தான். அம்மா பியானோ கலைஞர். இசை படித்து, அதை விட்டு, ஜெர்மனி போய் தத்துவம் படித்து, அதையும் விட்டுக் கவிதைக்கு வந்தவர் போரிஸ். 1930-களில் ஸ்டாலினின் கெடுபிடியில் எழுத்தாள நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது, இவர் எப்படியோ தப்பித்தார். சொந்தமாக எழுதி வெளியிடுவது கடினமான காலங்களில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார்.

தப்பித்தவருக்கு ஒரு கடன் இருந்தது. தன் தலைமுறைக்கு என்ன நடந்தது என்பதை எழுத வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு நாவலைத் தொடங்கினார். முடிக்கப் பத்து வருடம் ஆனது.

நாவலைப் படித்தால் ஒன்று புரியும். இது புரட்சியைத் திட்டித் தீர்க்கும் புத்தகம் கிடையாது. பனி கொட்டும் தெருமுனையில் நின்று, புதிய அரசு அமைந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கும் யூரி, முதலில் வியக்கிறார். ஒரு தேர்ந்த சர்ஜன் ஒரே வெட்டில் பழைய புண்ணை அகற்றியதைப் போலப் பார்க்கிறார். டாக்டர் இல்லையா! பிறகு அந்தக் கத்தி நிற்காமல் வெட்டிக்கொண்டே போவதையும் அவரே பார்க்கிறார். ரொட்டிக்கு வரிசை, வீட்டுக்குள் குடியேறும் கமிட்டிகள், எதற்கெடுத்தாலும் கோஷம், ஒரு கிராமத்தைத் தரைமட்டமாக்கிவிட்டு அதற்கு ஒரு கொள்கை விளக்கம்.

சோவியத் அதிகாரிகளை உறுத்தியது வசவு கூட இல்லை. யூரி எந்தப் பக்கமும் சேர மறுக்கிறார், அதுதான் உறுத்தியது. அவர் வெள்ளைப் படையும் இல்லை, செம்படையும் இல்லை. நாடே தலைகீழாகும் நேரத்தில், உருளைக்கிழங்கு நடுவதும் குழந்தைக்கு ஜுரம் வந்ததும் ஒரு கவிதை வரி சரியாக அமைந்ததும் தனக்கு முக்கியம் என்கிறார். ஷிவாகோ என்ற பெயரே 'உயிருள்ள' என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. தனி மனிதனின் வாழ்க்கை வரலாற்றுக்கு அடிக்குறிப்பு இல்லை என்று 500 பக்கத்துக்கு மேல் நிதானமாகச் சொல்லும் ஒரு புத்தகத்தை, தனி மனிதனை எண்ணாகப் பார்த்த ஓர் அரசு எப்படி அச்சிடும்?

'நோவி மிர்' என்ற முன்னணி இலக்கிய இதழுக்கு நாவலை அனுப்பினார் பாஸ்டர்நாக். 1956 செப்டம்பரில் நீண்ட கடிதத்தோடு திரும்பி வந்தது. புரட்சியை ஏற்காத மனநிலைதான் இந்த நாவலின் ஆன்மா, சில பக்கங்களை வெட்டுவதால் அது மாறாது என்பதே ஆசிரியர் குழு சொன்ன காரணம். வேடிக்கை என்னவென்றால், நாவலை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

கைப்பிரதி நாடு தாண்டியது எப்படி?

இங்கேதான் கதையில் ட்விஸ்ட். அந்த மறுப்புக் கடிதம் வருவதற்கு முன்பே பிரதி நாட்டை விட்டுப் போய்விட்டது.

1956 மே மாதம், மாஸ்கோ வானொலியில் வேலை பார்த்த செர்ஜியோ டி'ஆஞ்சலோ என்ற இத்தாலியர், மாஸ்கோவுக்கு வெளியே எழுத்தாளர்கள் வசிக்கும் பெரெடெல்கினோ கிராமத்துக்குப் போய் பாஸ்டர்நாக்கைச் சந்தித்தார். மிலான் நகரப் பதிப்பாளர் ஃபெல்ட்ரினெல்லிக்காக நல்ல புத்தகம் தேடுவது அவருடைய இன்னொரு வேலை. பாஸ்டர்நாக் உள்ளே போய், தட்டச்சுப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். வழியனுப்பும்போது, தன் மரண தண்டனைக்கு உங்களுக்கு இப்போதே அழைப்பு வைத்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு ஜோக்கும் அடித்தாராம். அதில் பாதிதான் ஜோக்.

டி'ஆஞ்சலோவும் கம்யூனிஸ்ட், ஃபெல்ட்ரினெல்லியும் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அதாவது, இந்த நாவலை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கம்யூனிச எதிரிகள் இல்லை. பிரதியைத் திருப்பிக் கேட்டு மாஸ்கோவிலிருந்து நெருக்கடி வந்தது. சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர் சுர்கோவ் நேரிலேயே இத்தாலிக்குப் போனார். 'வெளியிட வேண்டாம்' என்று பாஸ்டர்நாக் பெயரில் தந்தியும் பறந்தது. ஆனா இருவருக்கும் நடுவே ஏற்கெனவே ஒரு ரகசிய ஏற்பாடு இருந்தது. பிரெஞ்சு மொழியில் வரும் தகவலை மட்டும் நம்பினால் போதும்! ஃபெல்ட்ரினெல்லி அசரவில்லை. 1957 நவம்பரில் 'டாக்டர் ஷிவாகோ' இத்தாலிய மொழியில் வெளியானது. ரஷ்ய நாவல் ஒன்று, ரஷ்யர்களுக்கு முன் இத்தாலியர்கள் கையில்.

அடுத்த வருடமே ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வந்தது. அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' விற்பனைப் பட்டியலில் 26 வாரங்கள் முதலிடம்.

சிஐஏ எங்கே வந்தது?

அமெரிக்க உளவு அமைப்புக்கு இந்த நாவல் லட்டு மாதிரி கிடைத்தது. சொந்த நாட்டின் மிகப்பெரிய கவிஞர் எழுதியதைச் சொந்த மக்கள் படிக்க முடியவில்லை. இதைவிட நல்ல பிரசாரம் வேறென்ன? பிரதியின் புகைப்படச் சுருள்களை பிரிட்டிஷ் உளவுத்துறை கொடுத்தது. நெதர்லாந்தில் ரகசியமாக ரஷ்ய மொழியில் அச்சடித்தார்கள். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்கு சோவியத் பயணிகள் வருவார்கள் என்று தெரியும். அமெரிக்கக் கை வெளியே தெரியக்கூடாது என்பதால், வாட்டிகன் அரங்கில் வைத்து விநியோகம் நடந்தது. வாங்கியவர்கள் நீல அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கங்களைப் பிரித்துக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

இதெல்லாம் வதந்தி என்றே நெடுங்காலம் பேசப்பட்டது. 2014-ல் சிஐஏ தன் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட பிறகுதான் உறுதியானது.

ஒரு பக்கம் புத்தகத்தை ஒளித்தது, இன்னொரு பக்கம் அதையே ஆயுதமாக்கியது. தனி மனிதனை எந்தப் பக்கமும் இழுக்காதீர்கள் என்று சொன்ன நாவலுக்கே இந்தக் கதி. பாஸ்டர்நாக்குக்கு இந்த உதவியால் நன்மையை விட ஆபத்துதான் அதிகம்.

நோபல் வந்தது, நிம்மதி போனது

1958 அக்டோபர் 23. இலக்கியத்துக்கான நோபல் பரிசு பாஸ்டர்நாக்குக்கு என்று அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சியோடு ஏற்றுத் தந்தி கொடுத்தார். நான்கே நாளில், 27-ஆம் தேதி, எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பத்திரிகைகளில் வசை. இளைஞர் அமைப்பின் தலைவர் ஒருவர் மேடையேறி, தான் உண்ணும் இடத்தைப் பன்றிகூட அசிங்கம் செய்யாது என்று பேசினார். தொழிற்சாலைகளில் கண்டனக் கூட்டங்கள். பேசியவர்களில் யாரும் நாவலைப் படித்திருக்க வழியில்லை, அதுதான் நாட்டில் அச்சாகவே இல்லையே! 'படிக்கவில்லை, ஆனால் கண்டிக்கிறேன்' என்பது ரஷ்ய மொழியில் இன்றும் புழங்கும் ஒரு கேலிச் சொல்லாகத் தங்கிவிட்டது அந்த நாட்களால்தான்.

29-ஆம் தேதி பரிசை மறுத்துத் தந்தி கொடுத்தார். நாடு கடத்தப்படுவார் என்ற பேச்சு எழுந்தபோது, ரஷ்யாவை விட்டுப் போவது தனக்குச் சாவுக்குச் சமம் என்று குருசேவுக்குக் கடிதம் போனது. உலகெங்கும் எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து, சோவியத்துடன் நெருக்கமாக இருந்த பிரதமர் நேருவும் பாஸ்டர்நாக்குக்காகப் பேசினார்.

1960 மே 30-ல் பெரெடெல்கினோவில் காலமானார் பாஸ்டர்நாக். பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு, அவ்வளவுதான். ஆனா மாஸ்கோ ரயில் நிலையத்தில் யாரோ கையால் எழுதி ஒட்டிய தாள்களைப் பார்த்தே ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் ஒருவர் 'ஹேம்லெட்' கவிதையைச் சொன்னார். நாட்டில் அச்சாகாத நாவலின் கடைசியில் வரும் 25 கவிதைகளில் முதலாவது அது. கூட்டத்தில் பலருக்கும் அது ஏற்கெனவே மனப்பாடம்.

ஸ்பெயினில் ஒரு மாஸ்கோ

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்து உலகப் புகழின் உச்சத்தில் இருந்த டேவிட் லீன், இத்தாலியத் தயாரிப்பாளர் கார்லோ போன்டிக்காக இந்த நாவலை எடுக்க முன்வந்தார். திரைக்கதை ராபர்ட் போல்ட், இசை மாரிஸ் ஜார். யூரியாக எகிப்திய நடிகர் ஒமர் ஷெரீஃப், லாராவாக ஜூலி கிறிஸ்டி, தோன்யாவாக சார்லி சாப்ளினின் மகள் ஜெரால்டின் சாப்ளின். சிறுவன் யூரியாக நடித்தது ஷெரீஃபின் சொந்த மகன் தாரிக்.

ரஷ்ய முகம் வர வேண்டும் என்று ஷெரீஃபின் கண்ணோரத்தை இழுத்து ஒட்டி, சுருட்டை முடியை நேராக்கினார்கள். மாட்ரிட் அருகே மாஸ்கோ தெரு ஒன்றையே டிராம் தண்டவாளத்தோடு கட்டினார்கள். நிஜப் பனிக்காகச் சில காட்சிகளைப் பின்லாந்தில் எடுத்தார்கள். ஸ்பெயினில் பனி போதாத இடத்தில் பளிங்குத் தூள். ரசிகர்கள் மறக்காத அந்த 'பனி மாளிகை' காட்சியில் சுவர், மேஜை, விளக்கு எல்லாவற்றிலும் படர்ந்திருப்பது மெழுகு. கம்பளிக் கோட்டு போட்டு நடுங்கி நடித்தவர்கள் பல நாள் வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பெயினில் அப்போது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். ஊர்வலக் காட்சிக்காக நள்ளிரவில் துணை நடிகர்கள் கம்யூனிஸ்ட்களின் 'இன்டர்நேஷனல்' கீதத்தைப் பாட, அக்கம்பக்கத்தார் ஃபிராங்கோவே செத்துவிட்டார் என்று நினைத்துக் கொண்டாடப் புறப்பட்டதாக ஒரு கதை உண்டு. ஒரு சர்வாதிகாரத்தைப் பற்றிய படம் இன்னொரு சர்வாதிகாரத்தின் கீழே எடுக்கப்பட்டது என்பது மட்டும் கதை இல்லை, நிஜம்.

1965 டிசம்பரில் படம் வெளியானது. ஓடும் நேரம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். 10 ஆஸ்கர் பரிந்துரை, 5 விருது. சிறந்த படத்துக்கான விருதை 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' தட்டிக்கொண்டு போனது. ஜூலி கிறிஸ்டி அந்த ஆண்டு சிறந்த நடிகையானார், ஆனா வேறு படத்துக்காக.

படம் எதைத் தந்தது, எதை விட்டது?

நாவலையும் படத்தையும் ஒப்பிட ஒரே ஒரு காட்சி போதும். யூரியின் சாவு.

படத்தில், டிராமில் போகும் யூரி, ஜன்னல் வழியாகத் தெருவில் நடந்துபோகும் லாராவைப் பார்த்துவிடுகிறார். பல வருடம் தேடிய முகம். தட்டுத் தடுமாறி இறங்கி, ஓடி, கூப்பிடக் குரல் வராமல் விழுகிறார். அவள் திரும்பிப் பார்க்காமலே போய்விடுகிறாள். தியேட்டரில் கைக்குட்டை நனைந்த இடம் அது.

நாவலில் அந்தத் தெருவில் லாரா இல்லை. புழுக்கமான ஆகஸ்ட் மாதத்து நாள். டிராம் பழுதாகி அடிக்கடி நிற்கிறது. பக்கத்தில் நடந்துபோகும் ஒரு வயதான பெண்மணியை வண்டி முந்துகிறது. நின்றதும் அவர் வண்டியை முந்துகிறார். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆசிரியை ஃப்ளூரி அவர். பல வருடம் முன்பு போர்முனை ஊரில் யூரிக்குத் தெரிந்தவர். இப்போது இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. மூச்சு முட்டி இறங்கிய யூரி விழுந்து இறக்கிறார். கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தான் ஒரு டாக்டரை முந்திவிட்டோம், அவரைவிட அதிக நாள் வாழ்ந்துவிட்டோம் என்று தெரியாமலே அந்த அம்மா தன் வழியில் நடந்துபோகிறார்.

படத்தின் சாவு காதலுக்காக. நாவலின் சாவு யாருக்காகவும் இல்லை, அது சும்மா நடக்கிறது. முதலாவது அழ வைக்கும். இரண்டாவது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். லீன் செய்தது தவறு என்று சொல்லிவிட முடியாது, மூன்று மணி நேரம் காத்திருந்த ரசிகருக்கு ஒரு ஸ்விஸ் ஆசிரியையைக் காட்டி அனுப்ப எந்த இயக்குநருக்கும் தைரியம் வராது.

இதுபோல நிறைய மாற்றங்கள். கடைசிக் காலத்தில் யூரியோடு வாழ்ந்த மரீனா என்ற மூன்றாவது பெண் படத்தில் இல்லவே இல்லை. நாவலில் மர்மமாக வந்து போகும் ஒன்றுவிட்ட தம்பி யெவ்கிராஃப், படத்தில் கதை சொல்பவராகிவிட்டார். படத்தின் அடையாளமே ஆகிப்போன அம்மாவின் பலலைக்கா, நாவலில் கிடையாது. நாவலின் நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி வரும் தற்செயல் சந்திப்புகளைப் படம் குறைத்தது நல்லதே. அந்த விஷயத்தில் பாஸ்டர்நாக்கின் விசிறிகளே கொஞ்சம் நெளிவார்கள்.

பெரிய இழப்பு ஒன்று உண்டு. படத்தில் யூரி கவிஞர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உறையும் அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் எழுதுவதையும் பார்க்கிறோம். ஆனா என்ன எழுதினார்? ஒரு வரிகூட நம் காதில் விழாது. கவிதை இருக்க வேண்டிய இடத்தை ஷெரீஃபின் ஈரமான கண்களும் ஜாரின் இசையும் நிரப்புகின்றன.

நாவலில் யூரி வேலையை இழக்கிறார், குடும்பத்தை இழக்கிறார், லாராவை இழக்கிறார், கடைசியில் ஒரு சாதாரணத் தோல்வியாளராகச் சாகிறார். பக்கத்தைப் புரட்டினால் அந்த 25 கவிதைகள். தோற்றுப்போனவர் என்று நினைத்த மனிதர் மிச்சம் வைத்தது இதுவா என்று வாசகர் நிமிர்ந்து உட்காரும் இடம் அது. கதையின் கணக்கையே மாற்றும் பக்கங்கள் அவை. படத்துக்கு அந்தக் கடைசிப் பக்கம் இல்லாததால், அது ஓர் அணைக்கட்டின் மேல், பலலைக்காவோடு நடந்துபோகும் மகளோடு முடிந்துவிடுகிறது.

ஆனாலும் படம் ஒரு காரியத்தைச் சாதித்தது. கவிஞரின் மொழிபெயர்ப்பைத் தேடிப் போகாத கோடிக்கணக்கானவர்களுக்கு, பெயர் தெரியாத ஒரு தனி மனிதரின் முகத்தை அது கொடுத்தது. செம்படை, வெள்ளைப்படை என்று வரைபடத்தில் பார்த்த வரலாற்றை, திரும்பி வந்து பார்த்தால் வேறு குடும்பங்கள் குடியேறிய ஒரு வீடாக, கூட்டம் நெரியும் ஒரு சரக்கு ரயில் பெட்டியாகக் காட்டியது. அந்த ரயில் பயணக் காட்சிகளுக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்.

தமிழில் ரஷ்ய இலக்கியம் படித்து வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னொரு கோணமும் உண்டு. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் டால்ஸ்டாயும் கார்க்கியும் தமிழ் வீடுகளுக்கு வந்த காலம் அது. தகப்பன் படம் வரைந்த 'புத்துயிர்ப்பு' அந்த வரிசையில் வந்தது. மகன் எழுதிய நாவல் அந்தக் காலத்தில் வர வாய்ப்பே இல்லை. மாஸ்கோ எதை அச்சிட்டதோ அதுதான் பலருக்கு ரஷ்ய இலக்கியம். விட்டுப்போனது எது என்று வாசகருக்குத் தெரிய வழியில்லை.

பட்டியலில் தொலைந்த பெயர்

பதவி பறிபோய் வீட்டோடு இருந்த காலத்தில் குருசேவ் இந்த நாவலைப் படித்தார். தடுத்திருக்கக் கூடாது என்று தன் நினைவுக் குறிப்புகளில் வருத்தப்பட்டிருக்கிறார். கோர்பசேவ் காலத்தில், 1988-ல், நாவலை ரஷ்யாவில் முதல்முறையாக வெளியிட்டது எந்தப் பத்திரிகை தெரியுமா? அன்று திருப்பி அனுப்பிய அதே 'நோவி மிர்'. 1989 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் மகன் யெவ்கெனி, தந்தையின் நோபல் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். இன்று இந்த நாவல் ரஷ்யப் பள்ளிகளில் பாடம்.

இவை எல்லாம் எழுத்தாளருக்குக் கிடைத்த நியாயம். லாராவுக்கு?

நாவலில் லாராவின் முடிவு ஒரே பத்தியில் முடிந்துவிடும். ஒருநாள் வீட்டை விட்டு வெளியே போனவள் திரும்பவில்லை. தெருவிலேயே கைதாகியிருக்கலாம். வடக்கே எண்ணற்ற முகாம்களில் ஏதோ ஒன்றில், பிற்பாடு தொலைந்துபோன ஏதோ ஒரு பட்டியலில், பெயரில்லாத ஓர் எண்ணாக மறைந்துபோனாள் என்று எழுதுகிறார் பாஸ்டர்நாக். இவ்வளவு நேசித்து எழுதிய பாத்திரத்துக்கு ஒரு மரணக் காட்சிகூட இல்லை. அன்றைய ரஷ்யாவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அப்படித்தான் இருந்தது. போனவர் எங்கே, எப்போது, எப்படி என்று தெரியாது. லீன் இந்த வரிகளின் சாரத்தை வெட்டாமல், ஸ்டாலினின் பிரமாண்ட உருவப்படத்துக்குக் கீழே லாரா தனியாக நடந்து மறையும் காட்சியாக வைத்தார்.

லாராவின் சாயல் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்தது. 'நோவி மிர்' அலுவலகத்தில் 1946-ல் பாஸ்டர்நாக் சந்தித்த ஓல்கா இவின்ஸ்கயா. கவிஞரை நேரடியாகத் தொட முடியாத அதிகாரம், 1949-ல் ஓல்காவைப் பிடித்தது. சிறையில் கரு கலைந்தது. முகாமிலிருந்து விடுதலையானது ஸ்டாலின் செத்த 1953-ல். பாஸ்டர்நாக் இறந்த சில மாதங்களிலேயே, 1960-ல், மறுபடி கைது. இம்முறை மகள் இரினாவும் சேர்த்து. நாவலின் வெளிநாட்டு ராயல்டி பணத்தைக் கையாண்டதுதான் குற்றம் என்றார்கள். 1964-ல் வெளியே வந்தார் ஓல்கா. அடுத்த ஆண்டு, உலகமே ஜூலி கிறிஸ்டியைப் பார்த்து உருகியது.

1988-ல் ஓல்கா குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். ஆனா கைதின்போது கேஜிபி அள்ளிக்கொண்டு போன பாஸ்டர்நாக்கின் கடிதங்களும் கைப்பிரதிகளும் அவரிடம் திரும்பி வரவில்லை. தனக்கு எழுதப்பட்ட கடிதங்களைக் கேட்டு நீதிமன்றப் படியேறினார். அவை அவருடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை, அரசு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கட்டும் என்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டேவிட் லீனின் படம் ரஷ்யாவில் முதல்முறையாகத் திரையிடப்பட்டது 1994-ல். அடுத்த ஆண்டு மாஸ்கோவில் ஓல்கா காலமானார். கடிதங்கள் காப்பகத்திலேயே இருந்தன.